கால்சாவின் மூன்று பையன்கள்

இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ துறைமுகத்தை ஒட்டிய பழைய பேட்டை கால்சா. பத்தாம் நூற்றாண்டில் அரபு ஆட்சியாளர்கள் கட்டிய குடியிருப்பு. 1943-இல் நேச நாட்டு விமானங்கள் போட்ட குண்டுகளில் நொறுங்கி, பல ஆண்டுகள் இடிபாடாகவே கிடந்தது. அங்கே வளர்ந்த மூன்று பையன்களின் கதை இத்தாலியில் பிரபலம். 1939-இல் பிறந்த ஜொவான்னி ஃபால்கோனேயும் 1940-இல் பிறந்த பாவ்லோ போர்செல்லினோவும் மாஃபியாவை எதிர்த்த நீதிபதிகளானார்கள். 1992-இல், 57 நாள் இடைவெளியில், இருவரும் வெடிகுண்டுக்குப் பலியானார்கள். மூன்றாவது பையன் மசினோ ஸ்பதாரோ. சின்ன வயதில் ஃபால்கோனேயோடு டேபிள் டென்னிஸ் ஆடியவர். வளர்ந்ததும் சிகரெட் கடத்தலில் இறங்கி 'கால்சாவின் ராஜா' ஆகி, கடைசியில் போலீஸ் அதிகாரி ஒருவரின் கொலைக்காக ஆயுள் தண்டனை பெற்றார். சிறையிலிருந்தே தத்துவம் படித்துப் பட்டம் வாங்கினார். ஆய்வேட்டுக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் காந்தி!

மூன்று பேரையும் சிறுவர்களாக வரிசையில் நிறுத்தி அளந்து பார்த்திருந்தால், யார் எந்தப் பக்கம் போவார் என்று சொல்லியிருக்க முடியுமா?

முடியும் என்று சத்தியம் செய்திருப்பார் செசாரே லொம்ப்ரோசோ. வடக்கு இத்தாலிக்காரர், மருத்துவர். 1870-இல், தெற்கே கலாப்ரியாவைச் சேர்ந்த வில்லெல்லா என்ற ஏழைத் திருடனின் மண்டை ஓட்டை ஆராய்ந்தபோது, அதன் பின்புற அடியில் ஒரு குழி இருப்பதைக் கண்டார். குரங்கு நிலைக்குத் திரும்பிய மனிதனின் அடையாளம் இது என்று முடிவு கட்டினார். 1876-இல் வெளிவந்த அவருடைய நூல், தாடை அகலத்தையும் காதின் வடிவத்தையும் கையின் நீளத்தையும் வைத்துக் குற்றவாளியை அடையாளம் காணலாம் என்றது. அந்த வழியில் வந்த அல்ஃப்ரெடோ நிச்செஃபொரோ, 1898-இல் தென் இத்தாலி மொத்தத்தையுமே காட்டுமிராண்டி மண் என்று எழுதினார். அவரும் சிசிலிக்காரர்தான் என்பது கொடுமை.

அதே ஆண்டிலேயே பதிலடி வந்தது. கொடுத்தவர் நப்போலியோனே கொலஜான்னி, புள்ளியியல் பேராசிரியர். எண்ணோடு வந்தவர்களை அவர் எண்ணாலேயே மடக்கினார். ரத்தம்தான் காரணமென்றால், ஒரே தீவுக்குள் ஒரு வட்டாரத்தில் கொலை மலிந்தும் இன்னொன்றில் அரிதாகவும் இருப்பது எப்படி? பெரும் பண்ணைகளையும் வறுமையையும் கெட்ட ஆட்சியையும் பாருங்கள் என்றார்.

நமக்கு இது அயலூர்க் கதை இல்லை. லொம்ப்ரோசோவின் நூலுக்கு முன்பே, 1871-இல், பிரிட்டிஷ் அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டுவிட்டது. 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மண்டையை அளக்கும் சிரமம்கூட இல்லை. பிறந்த சாதி போதும். மதுரை வட்டாரத்து ஜனங்கள் அதை 'ரேகைச் சட்டம்' என்றார்கள். கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் உட்படப் பதினைந்து பேருக்கு மேல் செத்தார்கள்.

இன்றைக்கு மண்டை ஓட்டை யாரும் அளப்பதில்லை. குணத்தை அளக்கிறார்கள். கனடா உளவியலாளர் ராபர்ட் ஹேர் உருவாக்கிய பட்டியல் சிறைகளில் பெயர் பெற்றது. 20 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 மதிப்பெண், உச்சம் 40. வாய்ச்சாலகம், சரளமான பொய், குற்ற உணர்வின்மை, அவசரபுத்தி, பொறுப்பின்மை, கட்டுப்பாடற்ற பாலுறவு என்று நீளும் பட்டியல் அது. வட அமெரிக்காவில் 30-ஐத் தொட்டால் 'சைக்கோபாத்'. கைதி தானே டிக் அடிக்கும் வினாத்தாள் இல்லை. நேர்காணலையும் கோப்புகளையும் வைத்துப் பயிற்சி பெற்றவர் போடுகிற மதிப்பெண்.

பலெர்மோ சிறை ஒன்றில் இதைப் போட்டுப் பார்த்தார்கள். மாஃபியா கைதிகள் 30 பேர், மற்ற குற்றங்களுக்காக உள்ளே இருந்தவர்கள் 39 பேர். 2014-இல் முடிவு வெளியானது. மதிப்பெண் குறைவாக வாங்கியவர்கள் மாஃபியாக்காரர்கள்!

கொஞ்சம் யோசித்தால் ஆச்சரியம் அடங்கிவிடும். சிசிலி மாஃபியா எப்படிப்பட்ட ஆளைத் தேடுகிறது? சொன்னதைச் செய்பவன், வாயை அடக்குபவன், குடும்பஸ்தன். தன் சகாக்களிடம் பொய் சொல்லக் கூடாது, ஊரறியத் தாரத்துக்குத் துரோகம் செய்யக் கூடாது என்பவை அங்கே விதிகள். ஹேரின் பட்டியலில் மதிப்பெண் ஏறக்கூடிய ஆளை அந்த அமைப்பு வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். பலெர்மோ பல்கலைக்கழகத்தின் ஜிரோலமோ லோ வெர்சோவும் அவரது குழுவினரும் மாஃபியா மனத்தை நெடுங்காலம் ஆராய்ந்தவர்கள். மாஃபியாக்காரர்களுக்குள் 'நான்' என்பதே வளரவில்லை, எல்லாம் 'நாம்' என்பது அவர்கள் கணிப்பு. தனி ஆளின் கோணலைப் பிடிக்கச் செய்த அளவுகோலில், கூட்டத்தின் கோணல் எப்படி விழும்?

ஃபால்கோனே இதையெல்லாம் அளக்கப் போகவில்லை. 1980 வாக்கில் அவர் பலெர்மோ வங்கிகளிடம் கேட்டது 1975 முதலான அந்நியச் செலாவணிக் கணக்கு. காசோலை காசோலையாகப் புரட்டி, ஹெராயின் பணம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று பிடித்தார். ஒருவர் என்ன செய்தார் என்பதற்கு ரசீது இருக்கிறது. எப்படிப்பட்டவர் என்பதற்கு இல்லை.

2014 ஆய்வாளர்கள் சொன்ன இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. மதிப்பெண் குறைவு என்றால் மாஃபியா கைதிகளால் பாசம் வைக்க முடிகிறது என்று பொருள். அதனால் திருந்தும் வாய்ப்பும் கூடுதல். இதைப் படித்தபோது எனக்கு தொம்மாசோ புஷெத்தா நினைவுக்கு வந்தார். பெண் சகவாசத்தால் மாஃபியாவுக்குள் மேலே ஏற முடியாமல் போனவர் என்பார்கள். 1982-இல் எதிர்க்கோஷ்டி அவருடைய இரண்டு மகன்களைக் கொன்றது. அதே ஆண்டில் அண்ணனையும் கொன்றது. 1984-இல் அவர் ஃபால்கோனே முன்னால் உட்கார்ந்து பேசத் தொடங்கினார். அவர் சொன்னதன் பலத்தில் மாஃபியா மீது 1986 பிப்ரவரி 10 அன்று பலெர்மோவில் தொடங்கிய மகா வழக்கில் குற்றம்சாட்டப்பட்டவர்கள் 475 பேர்.