பெருக்கல் கணக்கு!

எங்கள் வீட்டில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு இரண்டு சத்தம் கேட்கும். முதலில் ‘சரக்... சரக்...’ என்று அம்மாவின் துடைப்பம். பத்து நிமிடம் கழித்து ‘கர்ர்... கர்ர்...’ என்று அம்மாவின் நெஞ்சு.

“பெருக்கும்போது கிளம்பற தூசிதாம்மா உங்களுக்கு எதிரி. துடைப்பத்தைத் தொடாதீங்க” என்றார் டாக்டர். அம்மாவா கேட்பாள்? “வீடு கூட்டாம விளக்கு ஏத்தறதா? நல்லா இருக்குடா!”

வாக்குவம் கிளீனர் வாங்குவது என்று மந்திரிசபை (அதாவது என் சகதர்மிணி) தீர்மானம் போட்டது. ஒயர் உள்ளது வேண்டாம். அம்மா தடுக்கி விழுந்தால், நெஞ்சு டாக்டரிடமிருந்து எலும்பு டாக்டருக்கு மாற வேண்டியிருக்கும்! எனவே, பேட்டரியில் ஓடுவது.

மூவரும் கடைக்குப் போனோம்.

“இது 350 வாட்ஸ் சார். அது 400. எது பவர்ஃபுல்னு நீங்களே பார்த்துக்குங்க” என்றார் விற்பனை இளைஞர்.

அடியேன் பி.காம். வாட்ஸ் என்பது மோட்டார் தின்னும் மின்சாரம், அதாவது, செலவு. எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதுதான் வரவு. அதைப் பாஸ்கலிலோ ஏர் வாட்டிலோ சொல்ல வேண்டும். செலவை மட்டும் காட்டி லாபம் என்றால் எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்?

“ஒரு சார்ஜுல 45 நிமிஷம் ஓடும் சார்!”

பெட்டியைத் திருப்பினேன். பேட்டரி 22.2 வோல்ட், 2.5 ஆம்பியர் மணி என்று போட்டிருந்தது. கடையிலேயே பெருக்க ஆரம்பித்தேன் - தரையை அல்ல, எண்களை! வந்தது 55.5 வாட் மணி. இதுதான் பேட்டரியின் பாங்க் பாலன்ஸ். 400 வாட் மோட்டார் முழு வேகத்தில் செலவழித்தால் எட்டே நிமிடத்தில் பாலன்ஸ் காலி. 45 நிமிடம் ஓட வேண்டுமானால் வெறும் 74 வாட்டில் முனக வேண்டும்!

“அது ஈகோ மோடுல சார்...” என்று இழுத்தார் இளைஞர்.

நல்லவேளை, எங்கள் வீட்டில் கம்பளம் கிடையாது. டைல்ஸ் தரைக்கு நடு வேகமே போதும். 150 வாட் என்றால் 22 நிமிடம். இரண்டு ரூமுக்கும் ஹாலுக்கும் தாராளம்.

அடுத்தது வடிகட்டி. 1901-ல் லண்டன் இன்ஜினீயர் ஹியூபர்ட் செசில் பூத், தூசியை ஊதித் தள்ளாமல் உறிஞ்சினால் என்ன என்று யோசித்தார். ஓட்டல் நாற்காலி மெத்தையில் வாயை வைத்தே உறிஞ்சிப் பார்த்து மூச்சுத் திணறினாராம்! மெஷினும் அப்படித்தான். முன்னால் உறிஞ்சியதைப் பின்னால் வெளியே விட்டால் அம்மாவுக்கு என்ன லாபம்? அசல் ஹெப்பா வடிகட்டி என்றால், அமெரிக்க அளவுகோல்படி 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். ‘ஹெப்பா டைப்’ என்று போட்டிருந்தால் உஷார். அது ‘பட்டு மாதிரி’ புடவை!

லித்தியம் பேட்டரி நாளாக ஆகத் தேயும். அதனால் கழற்றி மாற்ற முடியுமா, புது பேட்டரி என்ன விலை என்று முதலிலேயே கேட்டுக்கொண்டேன். “ரோலர்ல முடி சுத்தினா கழட்டி எடுக்க முடியுமா?” என்று கேட்டாள் சகதர்மிணி. அனுபவசாலி!

கடைசிப் பரீட்சையை அம்மாவிடம் விட்டோம். இந்த ரகத்தில் மோட்டாரும் பேட்டரியும் கைப்பிடிக்குப் பக்கத்திலேயே இருப்பதால் பாரமெல்லாம் மணிக்கட்டில்தான். இரண்டரைக் கிலோ மெஷினை ஒரு நிமிடம் பிடித்தவள், “இதுக்கு அம்மிக்கல்லே தேவலை” என்று வைத்துவிட்டாள். ஒன்றரைக் கிலோ மெஷின் பாஸ்!

முதல் நாள், கண்ணாடி போன்ற பெட்டியில் சேர்ந்திருந்த சாம்பல் நிறத் தூசியை அம்மா வெகுநேரம் பார்த்தாள். “இத்தனையும் என் நெஞ்சுக்குள்ளயாடா போயிட்டிருந்துது?”

பெட்டியைக் கொட்டும்போது தூசி பறக்கும். ஆகவே மாஸ்க் கட்டிக்கொண்டு வெளியே போய்க் கொட்டுவது என் இலாகா. டாக்டர் கொடுத்த இன்ஹேலரையும் நிறுத்தவில்லை. துடைப்பம் மட்டும் வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு பால்கனியில் தொங்குகிறது.

இப்போதும் ஐந்தரைக்கு ‘உய்ங்ங்...’ என்று ஒரு சத்தம் கேட்கிறது. நேற்று அது நின்றதும், படுத்தபடியே அடுத்த சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். பத்து நிமிடமாயிற்று.

“எழுந்துட்டியாடா? காபி கலக்கட்டுமா?” என்று மட்டும் கேட்டது.