நடமாடும் வீட்டுக்குத் தொலைதூர வைஃபை: முதலில் பற்றரியைக் கணக்கிடுவோம்

வட அமெரிக்காவிலே வாகனத்தையே வீடாக்கி ஊர் ஊராகச் சென்று வாழ்வோர் பலர் உளர். கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, கழிவறை யாவும் அடங்கிய இவ்வாகனங்களை அங்கு 'ஆர்.வீ.' என்று சுருக்கமாக அழைப்பர். உல்லாசப் பயணிகள் மாத்திரமன்றி ஓய்வூதியரும், பருவகாலத் தொழிலாளரும், வீட்டு வாடகை கொடுக்க வழியற்றோரும் இவற்றில் வாழ்கின்றனர். வேலை தேடவும், மருத்துவருடன் பேசவும், பிள்ளைகள் படிக்கவும் இவர்களுக்கு இணையம் வேண்டும். வண்டிகள் தங்கும் மைதானத்தின் அலுவலகத்தில் வைஃபை இருக்கும். மைதானத்தின் கோடியில் நிற்கும் வண்டிக்கோ அது எட்டாது. இக்குறையைத் தீர்ப்பதே தொலைதூர வைஃபைக் கருவி.

நடமாடும் மருத்துவ வண்டி, நூலக வண்டி போன்றவற்றை நடத்துவோருக்கும் இம்முறை பொருந்தும். ஆகவே அதன் அடிப்படைகளை இங்கு பார்ப்போம்.

தூரம் பெரிய தடையன்று

2007 ஆம் ஆண்டில் வெனிசுவேலா நாட்டில், இரு மலையுச்சிகளுக்கிடையே 382 கிலோமீற்றர் தூரத்துக்கு வைஃபை இணைப்பை ஏற்படுத்திக் காட்டினர். விலை குறைந்த சாதாரணக் கருவிகளில் மென்பொருளை மாற்றி, பெரிய அன்ரனாக்களைப் பொருத்தியே இதனைச் சாதித்தனர். இடையில் மலையோ மரமோ மறைக்காததே இவ்வெற்றிக்கு முக்கிய காரணம்.

வைஃபை அலை ஒரு நூலைப் போல மெல்லியதாகச் செல்வதில்லை. நடுவே பருத்து, இரு முனைகளிலும் ஒடுங்கிய பாதை அதற்குத் தேவை. இரண்டு கிலோமீற்றர் இணைப்பாயின், 2.4 கிகாஹேட்ஸ் அலைக்கு, நடுப்பகுதியில் பார்வைக் கோட்டைச் சுற்றி ஏறக்குறைய 5 மீற்றராவது தடையின்றி இருத்தல் வேண்டும். நீர் நிறைந்த பச்சை இலைகள் அலையை விழுங்கிவிடும். வண்டியின் தகரச் சுவரும் அதனைத் தடுக்கும். எனவே அன்ரனா வண்டிக்கு வெளியே, நீட்டி மடக்கக்கூடிய கம்பத்தின் மேல் இருப்பதே நன்று.

கருவிகள் மூன்று

முதலாவது, அன்ரனாவும் வானொலிப் பகுதியும் ஒன்றாக இணைந்த வெளிக்கருவி. இது தூரத்து வைஃபையைப் பெறும். இரண்டாவது, அதிலிருந்து வண்டிக்குள் வரும் ஈதர்நெற் கேபிள். மூன்றாவது, வண்டிக்குள் உள்ள தொலைபேசிகளுக்கும் கணினிகளுக்கும் இணையத்தைப் பகிரும் சிறிய றவுற்றர். உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஒரே அலைவரிசையில் இயங்கினால் ஒன்றையொன்று குழப்பும். வெளிக்கருவி 2.4 கிகாஹேட்ஸிலும் றவுற்றர் 5 கிகாஹேட்ஸிலும் இயங்குவது சிறப்பு.

சிலர் வானொலிப் பகுதியை உள்ளே வைத்து, அன்ரனாவுக்கு நீண்ட கேபிள் இழுப்பர். இது வீண் செலவு. ஆர்.ஜி. 58 என்னும் மெல்லிய கேபிளில் மீற்றருக்கு ஏறக்குறைய ஒரு டெசிபெல் இழக்கப்படுகிறது. பத்து மீற்றர் சென்றதும் பத்தில் ஒரு பங்கே மிஞ்சும். வெளிக்கருவியைக் கம்பத்தின் மேலேயே வைத்தால் இவ்விழப்பு இல்லை. அதற்கு வேண்டிய மின்சாரம் ஈதர்நெற் கேபிளின் வழியாகவே மேலே செல்லும். இங்கு ஓர் எச்சரிக்கை: சில கருவிகள் 24 வோல்ற்றிலும் சில 48 வோல்ற்றிலும் இயங்குவன. ஒன்றின் மின்வழங்கியை மற்றதற்கு மாற்றிப் போட்டால் கருவி எரிந்துவிடக்கூடும்.

சக்தி கூடிய கருவியை வாங்கினால் போதும் என்று எண்ணுவோரும் உண்டு. ஒலிபெருக்கி வைத்துக் கூப்பிட்டாலும், எதிரே உள்ளவரின் மறுமொழி நமது காதில் விழவேண்டுமல்லவா? ஒலிபெருக்கி காதுக்கு உதவாது. நல்ல அன்ரனாவோ அனுப்புவதற்கும் பெறுவதற்கும் ஒருங்கே உதவும். ஆனால் அன்ரனாவின் கோணம் ஒடுங்க ஒடுங்க, குறி வைப்பதும் கடினமாகும். காற்றில் கம்பம் அசைந்தாலே இணைப்பு அறுந்துபோகும். நாள்தோறும் இடம் மாறும் வண்டிக்கு, 60 பாகை அளவில் விரிந்து பார்க்கும் தட்டை அன்ரனா வசதியானது.

மின்சாரக் கணக்கு

இனி முக்கியமான விடயத்துக்கு வருவோம். வெளிக்கருவிக்கு 7 வாற், றவுற்றருக்கு 6 வாற் என்று கொள்வோம். இவை சிறிய தொகைகள்தாம். ஆயினும் 24 மணி நேரமும் இயங்கினால் 312 வாற்-மணி செலவாகும். 40 வாற் மடிக்கணினியை நான்கு மணி நேரம் பாவித்தால் இன்னும் 160. மொத்தம் 472. வழியில் ஏற்படும் இழப்பையும் சேர்த்து 520 என்று வைத்துக்கொள்வோம்.

12 வோல்ற், 100 அம்பியர்-மணி ஈய அமிலப் பற்றரியில் 1,200 வாற்-மணி அடங்கும். ஆனால் பாதிக்கு மேல் அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் குறைந்துவிடும். ஆகவே நாம் நம்பக்கூடியது 600 மாத்திரமே. அதாவது, ஒரு நாளைக்குப் போதும். மறுநாள் மீண்டும் நிரப்பியாக வேண்டும்.

100 வாற் சோலர் தகடு, நான்கு மணி நேர முழு வெயிலுக்கு 400 வாற்-மணி தரவேண்டும். கூரையில் படுத்திருப்பதாலும், சூட்டாலும், தூசியாலும் 280 அளவே கிடைக்கும் என எதிர்பார்க்கலாம். ஆகவே இரண்டு தகடுகள் தேவை. தகடு ஒன்றே இருப்பின், கருவிகளை இரவில் நிறுத்தி, நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் மட்டும் இயக்கலாம். அப்போது செலவு, இழப்புடன் சேர்த்து, 320 அளவுக்கு இறங்கும். மடிக்கணினியை ஒரு மணி நேரம் குறைத்தால் ஒரு தகட்டின் வரவுக்குள் அடங்கிவிடும்.

இன்வேட்டரைத் தவிர்ப்பது இன்னொரு சிக்கனம். பற்றரியின் 12 வோல்ற்றை வீட்டு மின்சாரமாக உயர்த்தி, மறுபடியும் 24 வோல்ற்றாக இறக்குவதில் இருமுறை இழப்பு உண்டு. சும்மா இருக்கும்போதே இன்வேட்டர் தன் பங்குக்கு மின்சாரத்தைக் குடிக்கும். 12 வோல்ற்றை நேரே 24 ஆக்கும் சிறிய மாற்றி போதுமானது. வண்டி ஓடும்போது மின்னழுத்தம் 14 வோல்ற்றுக்கு மேலும் ஏறும்; எனவே வெளியீட்டை ஒரே அளவில் வைத்திருக்கும் மாற்றியே வேண்டும்.

இயந்திரத்தின் பற்றரியைத் தொடாதீர்கள்

வண்டியை ஸ்ராட் செய்யும் பற்றரியிலிருந்து இக்கருவிகளை இயக்குதல் ஆகாது. ஒரு கணம் பெரும் மின்னோட்டம் தருவதற்கே அது செய்யப்பட்டது. மெதுவாக நெடுநேரம் கொடுப்பதற்கன்று. விடியும்போது வண்டி ஸ்ராட் ஆகாவிட்டால், காட்டோரத்தில் நிற்கும் குடும்பத்தின் கதி என்ன? நோயாளரை ஏற்றிச் செல்லவேண்டிய மருத்துவ வண்டியாயின் நிலைமை இன்னும் மோசமாகும். ஆகவே தனிப் பற்றரி, அதன் நேர்முனைக்கு அருகிலேயே பியூஸ், மின்னழுத்தம் குறைந்ததும் தானே துண்டிக்கும் கருவி ஆகிய மூன்றும் இன்றியமையாதவை.

மின்சாரமே இத்தகைய இணைப்புகளின் உயிர் என்பதற்குத் தமிழ்நாட்டின் தேனி மாவட்டம் சான்று. 2000களின் நடுப்பகுதியில் அங்குள்ள அரவிந்த் கண் மருத்துவமனை, கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளரின் உதவியுடன், கிராமப் பார்வை நிலையங்களைத் தொலைதூர வைஃபையால் இணைத்தது. கிராமத்து நோயாளி பேருந்தேறாமலே மருத்துவருடன் காணொளியில் பேச முடிந்தது. அவ்வாய்வாளர்கள் 2008 இல் வெளியிட்ட அறிக்கையில், கருவிகளைக் கெடுப்பதில் தரமற்ற மின்சாரத்துக்குள்ள பெரும் பங்கைச் சுட்டிக்காட்டினர். 1,000 வோல்ற் வரையிலான திடீர் ஏற்றங்களையும் அவர்கள் பதிவுசெய்திருந்தனர்.

செய்மதி இருக்கையில் இது எதற்கு?

ஸ்ரார்லிங் செய்மதிச் சேவை 2022 முதல் ஆர்.வீ. வண்டிகளுக்கெனத் தனித் திட்டம் வழங்கியது. 2025 ஜூலையில் இலங்கைக்கும் வந்தது. வைஃபை எட்டாத இடத்தில் அது பெரும் உதவி. ஆனால் அதன் சிறிய தட்டுக்கே 25 முதல் 40 வாற் வரை வேண்டும். நாள் முழுவதும் ஓடினால் 600 முதல் 960 வாற்-மணி. நாம் மேலே கண்ட பற்றரி அதற்கே போதாது. மாதக் கட்டணமும் உண்டு. அருகில் இணைய வசதியுள்ள பாடசாலையோ நிலையமோ இருந்து, அதன் பொறுப்பாளர் சம்மதித்தால், தொலைதூர வைஃபையே மலிவானது. சம்மதமின்றிப் பிறர் இணைப்பைப் பயன்படுத்தல் கூடாது. நாட்டின் தொலைத்தொடர்பு விதிகள் அனுமதிக்கும் சக்தியளவையும் மீறலாகாது.

எனவே கடைக்குச் செல்லுமுன் ஒரு தாளை எடுங்கள். ஒவ்வொரு கருவியின் வாற் அளவையும், அது இயங்கும் மணி நேரத்தையும் எழுதிப் பெருக்குங்கள். வரும் தொகையைப் பற்றரியின் பாதிக் கொள்ளளவோடும், மழைநாளில் சோலர் தரக்கூடியதோடும் ஒப்பிடுங்கள். கணக்குச் சரிவந்த பின்னர் அன்ரனாவைத் தெரிவுசெய்யலாம்.