பருமனும் பரம்பரையும்

ஒருவர் உடல் பருத்திருப்பின், அவர் வாய்க்கு அடிமைப்பட்டவர் என்றும் சோம்பர் என்றும் நாம் எளிதில் தீர்ப்புக் கூறிவிடுகின்றோம். விடுதியில் ஒரே பந்தியில் ஒரே சோற்றை உண்டெழும் மாணவருள் ஒருவர் ஈர்க்குப்போல் மெலிந்தும் மற்றொருவர் நாளுக்கு நாள் பருத்தும் வருவதைக் கண்ணாரக் கண்டும், இக்கொள்கையை நாம் விடுவதில்லை. இவ்விஷயத்தில் ஏளனத்துக்கு உள்ளாகாத பருத்த பிள்ளை அரிது. ஆதலின், உண்பவரின் குற்றம் எவ்வளவு, பெற்றோர்வழி வந்த இயல்பு எவ்வளவு என ஆராய்தல் தகும்.

கானடா தேசத்துக் கியூபெக் நகரில் பேராசிரியர் பூஷார் என்பாரும் அவர் துணைவரும் செய்து 1990-இல் வெளியிட்ட பரிசோதனை குறிப்பிடத்தக்கது. உருவொத்த இரட்டையர் 12 ஜோடியருக்கு, 100 நாட்களுள் 84 நாட்கள், அவரவர் தேவைக்கு மேல் 1,000 கலோரி உணவு ஊட்டினர். உண்ட கணக்கு மாத்திரமே உடலை ஆள்வதாயின் யாவரும் ஏறத்தாழ ஒரே அளவு பருத்திருத்தல் வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. ஒருவர்க்கு ஏறியது 4 கிலோவுக்குச் சற்று மேல். மற்றொருவர்க்கோ 13 கிலோ! ஆயினும், ஒரு வயிற்றுப் பிறந்த இருவரும் பெரும்பாலும் ஒத்தே பருத்தனர்; கொழுப்பு உடலின் எவ்விடத்தில் சேர்ந்தது என்பதிலும் ஒத்தனர்.

நிற்க. இவ்வியல்பு உடலினுள் எவ்வாறு தொழிற்படுகின்றது? அதனை விளக்கியவை சுண்டெலிகளே. அமெரிக்காவில் மேய்ன் மாகாணத்து ஜாக்ஸன் ஆராய்ச்சிச்சாலையில் 1949-ஆம் ஆண்டு சில எலிகள் ஓயாது தின்று பந்துபோல் உருண்டன. பின்னர் அவ்வாறே பருத்த வேறொரு வகையும் அங்குத் தோன்றிற்று. டக்ளஸ் கோல்மன் என்பார் எலிகளை இரண்டிரண்டாக உடலோடு உடல் சேர்த்துத் தைத்து, ஒன்றன் குருதி மற்றொன்றிற் சிறிது கலக்குமாறு செய்தார். முதல் வகையை நல்ல எலியோடு பிணைக்க, பருத்தது தீனியைக் குறைத்து மெலிந்தது. இரண்டாம் வகையைப் பிணைக்கவோ, பருத்தது பருத்தவாறே இருக்க, நல்ல எலி தின்னாது பட்டினியால் மடிந்தது! இதனின்று அவர் ஊகித்தது யாதெனில், 'போதும்' என மூளைக்கு உரைக்கும் பொருளொன்று குருதியில் உண்டு; முதல் வகைக்கு அப்பொருளே இல்லை; இரண்டாம் வகைக்கு அது மிகுந்திருந்தும் கேட்கும் செவி இல்லை என்பதாம். அவ்வூகம் மெய்ப்பட இருபது ஆண்டுகளுக்கு மேல் சென்றன. 1994-இல் நியூயார்க் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்து ஜெப்ரி பிரீட்மன் குழுவினர் முதல் வகையில் கெட்டிருந்த மரபணுவைக் கண்டனர். கொழுப்புத் திசுவே சுரக்கும் அப்பொருளுக்கு, மெலிவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று லெப்டின் எனப் பெயரிட்டனர்.

லெப்டின் அறவே இல்லாத குழந்தைகள் இருவரைக் கேம்பிரிட்ஜ் மருத்துவர் 1997-இல் விவரித்தனர். அவருள் ஒரு சிறுமி 8 வயதிலேயே 86 கிலோ எடையினள். நாள்தோறும் ஊசிவழி லெப்டின் செலுத்த, ஓராண்டில் 16 கிலோ குறைந்தாள். அதற்கு முன் அவளைப் பேராசைக்காரி என எவரேனும் கடிந்திருப்பின், அது குருடனைப் பாராமுகம் என்று கடிந்ததை ஒக்கும்.

எனினும் இக்குறை மிக அரிது. பருத்தோர் பெரும்பாலார்க்கு லெப்டின் குறைவன்று, மிகுதியே. ஆதலின் ஊசி அவர்க்குப் பெரிதும் பயன்படவில்லை. அவரிடம் பல மரபணுக்கள் ஒவ்வொன்றும் சிறிது சிறிதாகத் தொழிற்படுகின்றன. 2007-இல் அறியப்பட்ட ஒரு மாறுபாட்டைத் தாய்வழியும் தந்தைவழியும் பெற்றோர்க்குக் கூடும் எடை, சராசரி 3 கிலோவே. அன்றியும், மரபணுக்கள் சில பத்தாண்டுகளில் மாறிவிடா. பருமனோ அதற்குள் உலகெங்கும் பெருகிவிட்டது. மலிந்த தின்பண்டமும் குறைந்த நடையும் இதற்குக் காரணம் அல்ல என்போர் எவர்?

இளைக்க முயல்வோர்க்கு வேறோர் இடர் உண்டு. கொழுப்புக் கரையக் கரைய லெப்டினும் தாழ்கின்றது. மூளை அதனைப் பஞ்சம் எனக் கொண்டு, பசியை மூட்டிச் செலவைச் சுருக்குகின்றது. இதிலும் அனைவரும் ஒரு நிலையினர் அல்லர். மேற்கூறிய பூஷார் குழுவினரே 1994-இல் வெளியிட்ட மற்றொரு பரிசோதனையில், 7 ஜோடி இரட்டையர் உணவை மாற்றாது 93 நாட்கள் ஒரே அளவில் உடற்பயிற்சி செய்தனர். ஒருவர் இழந்தது 8 கிலோ; அதே வியர்வை சிந்திய மற்றொருவர் இழந்தது 1 கிலோ.