காடிலாக்: அரமும் சுத்தியலும் தொடாமல் வந்த பெயர்

1908-ம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கம். லண்டனுக்கு வெளியே புரூக்லாண்ட்ஸ் என்னும் மோட்டார் பந்தயத் திடலில் ஒரு கொட்டகை. தரையெங்கும் இரும்புச் சாமான்கள். பல்சக்கரம், பிஸ்டன், அச்சு, நட்டு, போல்ட்டு என்று இரண்டாயிரத்துக்கும் மேலே கிடக்கின்றன. நன்றாக ஓடிக்கொண்டிருந்த மூன்று மோட்டார் கார்களைப் பிரித்துப் போட்டு, எது எந்தக் காருடையது என்று தெரியாதபடி கலந்துவிட்டிருக்கிறார்கள். செய்தது விஷமிகள் அல்ல. ராயல் ஆட்டோமொபைல் கிளப் என்ற பெரிய மனிதர்கள் சங்கத்தின் அதிகாரிகள்தாம் முன்னின்று செய்வித்தார்கள்.

மூன்றும் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த காடிலாக் கார்கள். ஒற்றைச் சிலிண்டர் வண்டிகள். ஒவ்வொன்றிலும் 721 பாகங்கள். லண்டனில் காடிலாக் ஏஜெண்டாக இருந்த பிரடெரிக் பென்னெட் என்பவர்தான் இந்தச் சோதனைக்குத் துணிந்து தலை கொடுத்தவர். கலந்ததோடு அதிகாரிகள் விடவில்லை. குவியலிலிருந்து 89 பாகங்களைப் பொறுக்கி எடுத்து அப்புறப்படுத்தி, அவற்றுக்குப் பதிலாக ஏஜெண்டின் ஸ்டாக்கில் இருந்த பாகங்களைப் போடச் சொன்னார்கள். பிறகு மெக்கானிக்குகளிடம் ரெஞ்சும் திருப்புளியும் கொடுத்தார்கள். வேறு எந்த ஆயுதமும் கிடையாது. அரம் கூடாது, சுத்தியல் கூடாது.

இதில் என்ன அதிசயம் என்று இன்று கேட்கத் தோன்றும். ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் நம்மவர்கள் கேட்கமாட்டார்கள். அந்தக் காலத்தில் கார் என்பது ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிறந்த பிள்ளை. பிட்டர் ஒரு பாகத்தை எடுத்து வைத்துப் பார்ப்பார். பொருந்தாது. அரம் போட்டு ராவுவார். மறுபடி வைத்துப் பார்ப்பார். தட்டுவார். ஒருவழியாக உட்காரும். அப்படி உட்கார்ந்த பாகம் அதே கம்பெனியின் அடுத்த காரில் உட்காராது. வழியில் ஒன்று உடைந்தால் புதிதாக அடித்துத்தான் போட வேண்டும். ஐரோப்பாவில் ராஜாக்களும் பிரபுக்களும் வாங்கிய கார்களுக்கும் இதுதான் கதி.

மூன்று காடிலாக்குகளும் மீண்டும் உருவாகி நின்றன. பார்க்க வேடிக்கையாக இருந்ததாம். ஒரு நிறத்து உடலுக்கு வேறு நிறத்து மட்கார்டு! ஹாண்டிலைச் சுற்றினார்கள். எஞ்சின்கள் உயிர் பெற்றன. அப்படியே திடலில் 500 மைல் ஓடிக் காட்டின. மூன்றில் ஒன்றைப் பூட்டி வைத்திருந்து, சில மாதம் கழித்து நடந்த 2,000 மைல் ஓட்டச் சோதனையில் இறக்கினார்கள். தன் வகுப்பில் அதுதான் வென்றது. அந்தச் சோதனைக்காக டூவர் கோப்பை காடிலாக்குக்கு வழங்கப்பட்டது. அமெரிக்கக் கார் ஒன்று அதைப் பெற்றது அதுவே முதல் தடவை. “உலகத்தின் அளவுகோல்” என்று கம்பெனி தன்னைப் பற்றி விளம்பரம் செய்துகொண்டது இதற்குப் பிறகுதான்.

துப்பாக்கிப் பட்டறையில் படித்தவர்

இதற்கெல்லாம் காரணம் ஹென்றி லீலண்ட். 1843-ல் வெர்மாண்ட் மாநிலத்தில் பிறந்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ஸ்பிரிங்பீல்டு நகரின் அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலையில் தொழிலாளி. போர்க்களத்தில் ஒரு துப்பாக்கியின் பாகம் உடைந்தால் இன்னொன்றின் பாகத்தை எடுத்து மாட்ட வேண்டும். அதனால் எல்லாம் ஒரே அளவில் இருந்தாக வேண்டும். அந்தப் பாடத்தை லீலண்ட் கடைசிவரை மறக்கவில்லை. பின்னர் நுட்பமான அளவுக் கருவிகள் செய்யும் பிரௌன் அண்டு ஷார்ப் கம்பெனியில் பல ஆண்டுகள் இருந்தார். சலூன்களில் நாம் தலை கொடுத்த முடிவெட்டும் மெஷின் உருவானதிலும் இவருக்குப் பங்கு உண்டு.

டெட்ராய்ட் நகரில் சொந்தப் பட்டறை வைத்திருந்த லீலண்டை 1902-ல் சில முதலாளிகள் கூப்பிட்டார்கள். அவர்கள் நடத்திய கார் கம்பெனி சரியாக நடக்கவில்லை. மெஷின்களுக்கு விலை மதிப்புப் போட்டுக் கொடுத்தால் விற்றுவிட்டுப் போய்விடலாம் என்பது எண்ணம். லீலண்ட் விலையையும் சொன்னார், கூடவே ஒரு யோசனையும் சொன்னார். “கம்பெனியை மூடாதீர்கள். என்னிடம் ஒரு நல்ல எஞ்சின் இருக்கிறது” என்பதே அதன் சாரம். காடிலாக் பிறந்தது இப்படித்தான். அந்தக் கம்பெனியில் முதலாளிகளோடு ஒத்துப்போகாமல் சில மாதங்களுக்கு முன்புதான் ஒருவர் வெளியேறியிருந்தார். அவர் பெயர் ஹென்றி ஃபோர்டு!

1909-ல் ஜெனரல் மோட்டார்ஸ் காடிலாக்கை வாங்கியது. லீலண்டே நிர்வாகத்தில் தொடர்ந்தார். 1912 மாடல் காடிலாக்கில் ஹாண்டில் சுற்றும் வேலைக்கு முடிவு வந்தது. நம் ஊர்ப் பழைய லாரிகளின் முன்னால் கிளீனர் நின்று ஹாண்டில் போட்டதைப் பார்த்தவர்களுக்கு அந்த அவஸ்தை தெரியும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு போய்விடும். பித்தானை அமுக்கினால் மின்சார மோட்டார் எஞ்சினைக் கிளப்பும் ஏற்பாட்டைச் செய்தவர் சார்லஸ் கெட்டரிங். அதற்கு முன் கடைகளில் பணம் வாங்கும் காஷ் ரிஜிஸ்டருக்குச் சின்ன மோட்டார் பொருத்தியவர் அவர். காடிலாக்குக்கு டூவர் கோப்பை இரண்டாவது தடவையும் கிடைத்தது.

முதல் உலகப் போர் நேரத்தில் லீலண்ட் 1917-ல் விலகி, விமான எஞ்சின் செய்யத் தனிக் கம்பெனி தொடங்கினார். தாம் முதன்முதலில் வோட்டுப் போட்ட ஜனாதிபதியின் பெயரை அதற்கு வைத்தார்: லிங்கன். போர் முடிந்ததும் அது ஆடம்பரக் கார் செய்யத் தொடங்கியது. அமெரிக்காவில் நெடுங்காலம் போட்டி போட்ட இரண்டு பணக்காரக் கார்களுக்கும் தகப்பன் ஒருவரே! லிங்கன் கடனில் மூழ்கி 1922-ல் ஏலத்துக்கு வந்தபோது 80 லட்சம் டாலருக்கு எடுத்தவர் அதே ஹென்றி ஃபோர்டு. சில மாதங்களில் லீலண்டும் அவர் மகனும் வெளியே அனுப்பப்பட்டார்கள். இருபது வருஷத்துப் பழைய கணக்கு என்று டெட்ராய்ட்டில் பேசிக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை.

வாங்கக் கூடாதவர்கள் வாங்கினார்கள்

1930-ல் காடிலாக் 16 சிலிண்டர் எஞ்சினோடு ஒரு கார் வெளியிட்டது. அழகும் அமைதியும் சேர்ந்த வண்டி. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுதான் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்திருந்தது. கோடீஸ்வரர்களே செலவுக்கு யோசித்த காலம். சில ஆண்டுகளில் காடிலாக்கையே மூடிவிடலாமா என்று ஜெனரல் மோட்டார்ஸ் டைரக்டர்கள் யோசிக்கும் நிலை வந்தது.

இந்த இடத்தில் நுழைகிறார் நிக்கலஸ் டிரேஸ்டாட். ஜெர்மனியில் பிறந்து பிழைப்புக்கு அமெரிக்கா வந்தவர். பட்டறையில் கை கறுத்து மேலே வந்தவர். சர்வீஸ் பகுதிக்குப் பொறுப்பாளர். ரிப்பேருக்கு வரும் வண்டிகளைப் பார்த்தபோது அவர் கண்ணில் ஒன்று பட்டது. கறுப்பினத்தவர்களுக்குக் காடிலாக்கை விற்பதில்லை என்பது கம்பெனியின் கொள்கை. ஆனால் சர்வீஸுக்கு வண்டி கொண்டு வருபவர்களில் கறுப்பினத்தவர்கள் பலர் இருக்கிறார்களே! விசாரித்தார். டாக்டர்கள், குத்துச்சண்டை வீரர்கள், பாடகர்கள், வியாபாரிகள். கையில் பணம் உண்டு. ஆனால் நல்ல பேட்டையில் வீடு தரமாட்டார்கள், நல்ல ஓட்டலில் அறை தரமாட்டார்கள். ஆக, நல்ல கார் ஒன்றாவது வேண்டும். அதற்கும் ஒரு வெள்ளைக்காரரை முன்னே நிறுத்தி, அவர் பெயரில் வாங்கி, அவருக்குச் சில நூறு டாலர் கூலியும் கொடுத்தார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே பினாமி பெயரில் குடித்தனத்துக்கு வீடு பிடித்தவர்களுக்கு இது புரியாத விஷயம் அல்ல.

டிரேஸ்டாட் அழைப்பில்லாமலே டைரக்டர்கள் கூட்டத்துக்குள் போய், அந்த இடைத்தரகர் பணத்தை நாம் ஏன் விட வேண்டும், நேராகவே விற்போமே என்று வாதாடியதாக நிர்வாக இயல் அறிஞர் பீட்டர் டிரக்கர் எழுதியிருக்கிறார். நியாய உணர்ச்சியைவிட வியாபார உணர்ச்சிதான் அந்த அறையில் எடுபட்டது என்பதையும் மறைப்பதற்கில்லை. தடை போனது, விற்பனை எழுந்தது. 1934-ல் டிரேஸ்டாட் காடிலாக்கின் ஜெனரல் மானேஜர் ஆனார். 1949-ல் கறுப்பினத்தவர்களின் ‘எபனி’ பத்திரிகை, தம் மக்கள் ஏன் காடிலாக் வாங்குகிறார்கள் என்று ஒரு தலையங்கமே எழுதியது.

இறக்கை முளைத்த காலம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்ததுதான் சினிமாக்களில் பார்த்த காடிலாக். பி-38 என்ற போர் விமானத்தின் வாலைப் பார்த்த ஹார்லி ஏர்ல் என்ற வடிவமைப்பாளர் 1948-ல் காரின் பின்பக்கம் சின்னதாக இரண்டு துடுப்பு வைத்தார். ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்து 1959-ல் அது சுறாமீன் போல நின்றது. பாடகர் எல்விஸ் பிரெஸ்லி தம் தாய்க்கென்று இளஞ்சிவப்புக் காடிலாக் ஒன்று வைத்திருந்தார். அந்த அம்மாளுக்குக் கார் ஓட்டத் தெரியாது! எந்தப் பொருளில் மேலான ஒன்றைச் சொல்வதானாலும் “அதில் இது காடிலாக்” என்று சொல்வது அமெரிக்கர்களின் வழக்கமாயிற்று.

பம்பாய் வாசகர்களுக்கு ஒரு தகவல்: ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் 1954 வரை சிவ்ரியில் தொழிற்சாலை வைத்து செவர்லே கார்களைப் பூட்டி விற்றது.

பெயரை விற்றுச் சாப்பிட்டார்கள்

1976-ல், இதுதான் கடைசி என்று சொல்லி, கூரை மடக்கும் எல்டொராடோ கார்கள் 14,000 செய்தார்கள். பின்னால் விலை ஏறும் என்று பலர் வாங்கிப் பூட்டி வைத்தார்கள். 1984-ல் கம்பெனி அதே ரகத்தை மறுபடி விற்பனைக்குக் கொண்டுவந்தது. பூட்டி வைத்தவர்கள் கோர்ட்டுக்கு ஓடினார்கள்.

அதைவிட மோசம் எஞ்சின். 1981-ல் தேவைக்கேற்ப எட்டு, ஆறு, நான்கு சிலிண்டர்களில் ஓடும் எஞ்சின் என்று பெருமையாக வெளியிட்டார்கள். அதை இயக்கிய கம்ப்யூட்டர் அந்த நாளைய கம்ப்யூட்டர். வண்டி உதறியது. மெக்கானிக்கிடம் கொண்டுபோய் ஒயரைத் துண்டித்து, எட்டிலேயே ஓட்டிக்கொண்டார்கள் பலர். அதே வருஷம் சிமரான் வந்தது. அது உண்மையில் செவர்லே கவாலியர் என்ற சாதாரணக் கார். தோல் இருக்கை போட்டு, காடிலாக் சின்னம் ஒட்டி, விலையைப் பல ஆயிரம் டாலர் ஏற்றியிருந்தார்கள். காடிலாக்காக மாற்ற அவகாசம் போதாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தலைவரே எச்சரித்ததாகச் சொல்வதுண்டு. 1988 வரை 1,32,000-க்குச் சற்று அதிகமாக விற்றது. வாங்கியவர்கள் பக்கத்து வீட்டுக் கவாலியரையும் பார்த்தார்கள், தங்கள் காரையும் பார்த்தார்கள். அடுத்த கார் வாங்கும் நாளில் ஜெர்மன் கடைக்கும் ஜப்பான் கடைக்கும் நடந்தார்கள்.

இந்த வீழ்ச்சியின் நடுவில், 1921 முதல் காடிலாக் செய்த டெட்ராய்ட் கிளார்க் தெருத் தொழிற்சாலை 1987-ல் மூடப்பட்டது. சிமரானுக்கு யோசனை சொன்ன அறைகளில் உட்கார்ந்தவர்களா கிளார்க் தெரு கேட்டில் நின்றார்கள்?

2009-ல் ஜெனரல் மோட்டார்ஸ் திவாலானபோது போன்டியாக், சாட்டர்ன் எல்லாம் போயின. காடிலாக் தப்பியது. எஸ்கலேட் என்ற யானை போன்ற வண்டி டெக்ஸாஸின் ஆர்லிங்டனிலும், லிரிக் என்ற பாட்டரிக் கார் டென்னசியின் ஸ்பிரிங் ஹில்லிலும் தயாராகத் தொடங்கின. இரண்டின் முகப்பிலும் அதே கேடயச் சின்னம்.

அந்தக் கேடயத்துக்கும் கதை இருக்கிறது. 1701-ல் டெட்ராய்ட் நகரை நிறுவிய பிரெஞ்சுக்காரர் காடிலாக் பிரபுவின் குலச்சின்னம் என்று அதைக் காரில் வைத்தார்கள். அவர் பிரபுவே அல்ல. சொந்த ஊரில் அந்துவான் லோமே, உள்ளூர் நீதிமன்ற அதிகாரி ஒருவரின் மகன். கப்பலேறி அமெரிக்கா வந்ததும் பெயரையும் பட்டத்தையும் கேடயத்தையும் தாமே சூட்டிக்கொண்டார். சரித்திரம் படித்த அமெரிக்கர்களுக்கு இது நன்றாகவே தெரியும். அதற்காக யாரும் காரின் விலையைக் குறைத்துக் கேட்டதில்லை.