சிப்புக்கும் உண்டு பரீட்சை!



முதலில் ஒரு கணக்கு. 41,95,835-ஐ 31,45,727-ஆல் வகுத்துப் பாருங்க. கால்குலேட்டர் வேண்டாம். விடை 1.3338... என்று வரும். நானும் பேப்பரில் போட்டுப் பார்த்தேன், அதேதான். ஆனால் 1994-ல் இன்டெல் கம்பெனியின் பென்டியம் சிப் இதற்கு 1.3337... என்றது! வகுத்தலுக்காக அந்த சிப்புக்குள் வாய்ப்பாடு மாதிரி ஒரு அட்டவணை உண்டு. அதில் சில இடங்கள் விட்டுப்போச்சு. தாமஸ் நைஸ்லி என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் இந்தத் தப்பை வெளியே கொண்டுவந்தார். சிப்பை மாற்றிக் கொடுக்க இன்டெல் 47.5 கோடி டாலர் ஒதுக்க வேண்டியதாயிற்று.

திருத்தினால் போதாதா என்று கேட்கலாம். சிப் என்பது நம்ம காசி விஸ்வநாதர் கோயில் கல்வெட்டு மாதிரி. வெட்டின பிறகு ரப்பர் வச்சு அழிக்க முடியாது. அதனால் வெட்டுறதுக்கு முன்னாடியே சரிபார்க்கணும்.

எல்லாத்தையும் சோதிக்க முடியுமா? முடியாது! 32 பிட் எண்கள் இரண்டைக் கூட்டும் சின்னச் சுற்றுக்கே 2-ன் அடுக்கு 64 ஜோடிகள் உண்டு. நொடிக்கு 100 கோடி ஜோடி பார்த்தாலும் சுமார் 584 ஆண்டுகள் ஆகும். அதனால் என்ஜினியர்கள் இப்படிச் செய்கிறார்கள்:

1. விடைக்குறிப்பு: சிப்பின் வடிவமைப்பைக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டி, லட்சக்கணக்கான கேள்விகள் கொடுப்பார்கள். தனியாக எழுதிய இன்னொரு புரோகிராமின் விடையோடு ஒப்பிடுவார்கள்.

2. மூலை முடுக்கு: சித்திரை வெயிலில் மட்டும் வந்து பார்த்துட்டு "குற்றாலத்தில் தண்ணியே கிடையாது"ன்னு ஒருத்தர் சொன்னா சிரிப்போம்ல? சீசனிலும் வந்து பார்க்கணும். அதுபோல பூஜ்யம், மிகப்பெரிய எண், ஒரே நேரத்தில் வரும் இரண்டு கட்டளைகள் என்று எந்தப் பக்கம் இன்னும் பார்க்கலை என்று கணக்கு வைப்பார்கள்.

3. நிரூபணம்: முக்கோணத்தின் கோணங்களின் கூடுதல் 180 டிகிரி. உலகத்து முக்கோணத்தையெல்லாம் அளந்தா சொன்னோம்? தேற்றமாக நிரூபித்தோம். சிப்பின் முக்கியப் பகுதிகளையும் அப்படி நிரூபிக்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பென்டியம் சம்பவத்துக்குப் பிறகு இன்டெல் இதை நிறையவே பயன்படுத்தியது.

4. சிலேட்டு: எஃப்.பி.ஜி.ஏ. என்றொரு சிப். உள்ளே இருக்கும் சுற்றைத் திரும்பத் திரும்ப மாற்றி எழுதலாம். கல்லில் வெட்டும் முன் இதில் ஓட்டிப் பார்ப்பார்கள்.

நம்ம ஊர்க்காரங்களும் இந்த வேலையில் இருக்காங்களா? இருக்காங்க! சென்னை ஐ.ஐ.டி.யில் 'சக்தி' என்ற பிராசசரை வடிவமைத்தார்கள். மலைக்கு அந்தப்பக்கம் திருவனந்தபுரத்தில் உள்ள இஸ்ரோ பிரிவுடன் சேர்ந்து, சக்தியை வைத்து விண்வெளிக்காக உருவாக்கிய சிப் 'ஐரிஸ்'. அது சண்டிகரில் தயாராகி, சரியாக இயங்குவதாக 2025 பிப்ரவரியில் அறிவித்தார்கள். விண்வெளிக்குப் போன சிப்பைக் கழற்றி மாட்ட மெக்கானிக் போக முடியாதே! அதனால் அதற்குப் பரீட்சை இன்னும் கடுமை.

நம்ம கணக்குப் புத்தகத்தில் கடைசியில் 'சரிபார்த்தல்' என்று ஒரு வரி வரும். மார்க் இல்லைன்னா அதை யாரு எழுதுறா? ஆனால் சிப் செய்கிறவர்களுக்குப் பெரும்பகுதி வேலையே அந்த ஒரு வரிதான்!