விரலுக்கு எட்டாத மில்லிமீட்டர்

மலத்தோடு ரத்தம் போனால் மூதூரில் இன்றும் முதலில் வரும் பேச்சு 'மூலம்' என்பதுதான். வெளியில் சொல்ல வெட்கம். மலக்குடல் புற்றாக இருந்தாலும் பரியாரியாரின் மருந்தில் சில மாதம் கழியும்.

அந்தக் காலத்தில் அதற்குப் பிறகுதான் பயணம்: கொட்டியாரக் குடாவைக் கடக்க லோஞ்ச், இல்லையென்றால் துறைக்குத் துறை பாதைப் படகில் ஏறி இறங்கிக் கிண்ணியா வழியே திருகோணமலை, அங்கிருந்து மகரகம புற்றுநோய் வைத்தியசாலை. போய்ச் சேர்ந்தால், சத்திரசிகிச்சை நிபுணர் பெரிதும் நம்பியது தன் விரலையும் உள்ளே பார்க்கும் ஒரு குழாயையும். கட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, தொட்டால் அசைகிறதா என்று பார்ப்பார். மிகத் தாழ இருந்தால் 1908இல் சத்திரசிகிச்சை நிபுணர் மைல்ஸ் வகுத்த வழிதான்: ஆசனவாயையே எடுத்து, ஆயுள் முழுக்க வயிற்றில் பை.

குடற்சுவரைத் தாண்டிக் கட்டி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது விரலுக்குத் தெரியாது. மலக்குடலைச் சுற்றிக் கொழுப்பு, அதற்கு வெளியே மெல்லிய உறை. அந்த உறை கிழியாமல் மொத்தமாக எடுத்தால் நோய் அதே இடத்தில் திரும்புவது குறையும் என்று 1982இல் சத்திரசிகிச்சை நிபுணர் பில் ஹீல்ட் எழுதினார். வெட்டுவதற்கு முன்பே உறையைப் பார்க்க எம்.ஆர்.ஐ. கைகொடுத்தது. 408 நோயாளிகளை வைத்து 2006இல் வெளிவந்த மெர்குரி ஆய்வு அதை உறுதிசெய்தது. இப்போது கணக்கு மில்லிமீட்டரில்: கட்டிக்கும் உறைக்கும் இடையே 1 மில்லிமீட்டர்கூட இல்லையென்றால், பெரும்பாலும் முதலில் கதிர்வீச்சும் மருந்தும், பிறகே கத்தி. படத்தை 3 மில்லிமீட்டர் சீவல்களாக, கட்டிக்குச் செங்குத்தாக எடுக்க வேண்டும். சாய்ந்துவிட்டால் உறை மங்கி, ஒட்டாத கட்டியும் ஒட்டியதாகத் தோன்றும்.

எனக்குப் பெரிதாகப் படுவது சிகிச்சைக்குப் பிந்திய ஸ்கேன். கட்டி கரைந்த இடத்தில் தழும்பு நிற்கும். சாதாரணப் படத்தில் தழும்பையும் மிச்சக் கட்டியையும் பிரிப்பது கஷ்டம். எம்.ஆர்.ஐ.யின் டிஃப்யூஷன் முறை நீரின் அசைவை அளக்கிறது. புற்றுச் செல்கள் நெருங்கிக் கிடக்குமிடத்தில் நீருக்கு நகர இடமில்லை, அந்த இடம் பளிச்சென்று தெரியும். ஸ்கேனில் பளிச்சென்று எதுவும் இல்லாமல், விரலும் உள்ளே விடும் கேமராவும் அதையே காட்டி, எதுவும் மிஞ்சவில்லை என்றால், சிலருக்கு வெட்டாமலே காத்திருக்கலாம். 2004இல் பிரேசிலின் சத்திரசிகிச்சை நிபுணர் ஹப்ர்-காமா காட்டிய வழி இது.

ஆனால் காத்திருப்பதென்றால் சும்மா இருப்பதல்ல. திரும்ப முளைப்பது பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள். அதனால் சில மாதத்துக்கொரு முறை சோதனை. 2009இல் கிண்ணியாப் பாலம் வந்து பஸ் ஓடினாலும், கடலுக்கோ வயலுக்கோ போகிறவருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகும். பை வேண்டாம் என்று சொல்கிற டொக்டர் அதையும் கேட்டே முடிவெடுக்க வேண்டும். போகிறவர் பழைய ஸ்கேன் படத்தையும் சீடியையும் மறக்காமல் எடுத்துப்போக வேண்டும். கட்டி சுருங்கியதா, வளர்ந்ததா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது அவற்றோடுதான்.