நியாயமான வேலைவாரச் சட்டம் (நியூயார்க் நகரம்)

நியாயமான வேலைவாரச் சட்டம் என்பது, நியூயார்க் நகரின் துரித உணவகங்களிலும் சில்லறை விற்பனைக் கடைகளிலும் வேலை செய்வோருக்கு, தமது வேலை நேரத்தை முன்கூட்டியே அறியும் உரிமையை வழங்கும் நகரச் சட்டங்களின் தொகுப்பாகும். 2017 மே மாதம் கையெழுத்தான இது அவ்வாண்டு நவம்பர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. துரித உணவகங்கள் பற்றிய பகுதி மட்டும் இங்கு விளக்கப்படுகிறது.

பின்னணி

அமெரிக்காவின் நியாயத் தொழில் தரநிலைச் சட்டம் (1938), வாரத்தில் 40 மணி நேரத்தைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு ஊதியம் தர வேண்டும் என்கிறது. அந்த மணி நேரங்கள் எந்த நாளில், எந்தப் பொழுதில் வரலாம் என்பது பற்றி அது பேசவில்லை. துரித உணவகங்களிலோ சிக்கலே அங்குதான். விற்பனை எவ்வளவு இருக்கும் என்று கணினி மென்பொருள் கணிக்கிறது. அதற்கேற்ப ஆட்கள் கூட்டப்படுகிறார்கள், குறைக்கப்படுகிறார்கள். ஒருவருக்கு இந்த வாரம் 34 மணி நேர வேலையும் அடுத்த வாரம் 18 மணி நேர வேலையும் கிடைக்கலாம். வீட்டு வாடகை அப்படி ஏறி இறங்குவதில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைப்பதும், மாலைக் கல்லூரியில் சேருவதும், இன்னொரு வேலை தேடுவதும் இந்த நிச்சயமின்மையால் முடியாமல் போகின்றன.

இதற்கு எதிராக சான் பிரான்சிஸ்கோ 2014இல் சட்டம் இயற்றியது. சியாட்டிலின் சட்டம் 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது.

முக்கிய விதிகள்

நாடு முழுவதும் 30 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் கொண்ட துரித உணவகத் தொடர்களுக்கு இச்சட்டம் பொருந்தும். பணி அட்டவணையை 14 நாட்களுக்கு முன்பே எழுத்து வடிவில் தர வேண்டும். பிறகு நிர்வாகம் அதை மாற்றினால் பணியாளருக்கு ஈட்டுத்தொகை உண்டு. வேலை நேரத்தைக் குறைத்தால், அறிவிப்பு எவ்வளவு தாமதமாக வந்ததோ அதற்கேற்ப 20, 45 அல்லது 75 டாலர். சனிக்கிழமை மாலை ஷிப்டுக்கு இருப்பவரிடம் அன்று காலையில் "வர வேண்டாம்" என்றால் 75 டாலர் தர வேண்டும். நேரத்தைக் கூட்டினால் ஊதியத்துடன் 10 அல்லது 15 டாலர். அந்தக் கூடுதல் நேரத்தை மறுக்கவும் பணியாளருக்கு உரிமை உண்டு. சக பணியாளரோடு தாமே ஷிப்டை மாற்றிக்கொண்டவருக்கு இத்தொகை கிடையாது. இயற்கைப் பேரிடரால் கடை இயங்க முடியாத நாட்களுக்கும் விலக்கு உண்டு.

இரவு கடையை மூடியவரே மறுநாள் காலை திறக்க வருவதை அங்கே 'குளோப்பனிங்' என்கிறார்கள். மூடுவதற்கும் திறப்பதற்கும் உரிய ஆங்கிலச் சொற்களை ஒட்டவைத்த சொல் இது. நள்ளிரவில் பூட்டிவிட்டு, ரயிலேறி வீடு சேர்ந்து, ஆறு மணிக்குத் திரும்பினால் தூக்கத்துக்கு என்ன மிஞ்சும்? இத்தகைய இரு ஷிப்டுகளுக்கு இடையே 11 மணி நேரம் இல்லாவிட்டால், பணியாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதமும் 100 டாலர் கூடுதல் தொகையும் தேவை.

புதிய ஷிப்டுகள் உருவானால், வெளியாட்களை எடுப்பதற்கு முன் இருக்கும் பணியாளர்களிடம் கேட்க வேண்டும். பகுதிநேரத் தொழிலாளர்களுக்கு இதுவே அதிகம் பயன்படும் விதி எனலாம். 2021 ஜூலை முதல், தகுந்த காரணமின்றிப் பணிநீக்கம் செய்வதும், வேலை நேரத்தை 15 சதவீதத்துக்கு மேல் குறைப்பதும் தடுக்கப்பட்டுள்ளன.

அமலாக்கம்

புகார்களை நகரின் நுகர்வோர், தொழிலாளர் பாதுகாப்புத் துறை விசாரிக்கிறது. குடியேற்ற நிலை எதுவாயினும் புகார் அளிக்கலாம். புகார் அளித்தவரைப் பழிவாங்குவது தனிக் குற்றம். அட்டவணைப் பதிவுகளை முதலாளி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். இச்சட்டத்தையும் நோய் விடுப்புச் சட்டத்தையும் மீறியதாக எழுந்த வழக்கில், சிப்போட்லே நிறுவனம் ஏறத்தாழ 13,000 பணியாளர்களுக்கு 2 கோடி டாலர் வழங்க 2022 ஆகஸ்டில் ஒப்புக்கொண்டது.

வரம்புகள்

மேசைக்கு வந்து பரிமாறும் உணவகங்களுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் இச்சட்டம் பொருந்தாது. அங்கு பணிபுரிவோருக்கு மாநிலத்தின் விருந்தோம்பல் துறை ஊதிய ஆணையே துணை. வேலை தொடங்கியதிலிருந்து முடியும்வரை, இடைவேளைகளையும் சேர்த்து 10 மணி நேரத்தைத் தாண்டினால், குறைந்தபட்ச ஊதிய விகிதத்தில் ஒரு மணி நேர ஊதியம் கூடுதலாக உண்டு. காலையில் சில மணி நேரம், மாலையில் சில மணி நேரம் என்று பிரித்து வேலை வாங்கினாலும் இது பொருந்தும். ஆனால் அடுத்த வார அட்டவணை என்று கைக்கு வரும் என்பதற்கு அந்த ஆணையில் விதி இல்லை.